நீ வை, நான் பேசிக்கறேன்

மாடி வீட்டின் சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் எப்போது ஓடும், குப்பையை எங்கே வைக்க வேண்டும், கீழ்ப்படியில் ஒரு பலகை ஆடும் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"முன்னாடி யார் இருந்தாங்க?"

"ஒரு டீச்சர். ரிட்டயர் ஆனவங்க. தனியாத்தான் இருந்தாங்க."

"இப்ப?"

"போயிட்டாங்க."

எங்கே என்று அவள் கேட்கவில்லை. வீட்டைக் காலி செய்தவர்கள் வேறு வீட்டுக்குத்தானே போவார்கள்?

மாற்றலாகி வந்தவள் அவள். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வந்த இரண்டாம் நாளே வார்டு முழுக்க அவளை 'எக்ஸ்ரேக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கணவர் தவறி ஆறு வருடம். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வெளியூரில் ஒரே ஒரு தம்பி. தனியாக இருப்பது அவளுக்குப் புதிதல்ல.

வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை. அந்த அறையில் ஒரு மர நாற்காலியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் அதில் இஸ்திரி போடாத துணிகளைக் குவித்து வைத்தாள்.

முதல் வாரத்திலேயே அந்தச் சத்தம் கேட்டது. விடுமுறை நாள், மத்தியானம். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடியதும் யாரோ மெல்லப் பேசுவது போல இருந்தது.

"சரிங்க சார்… சரிங்க சார்…"

வயதான பெண் குரல். பணிவான குரல். பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்தாள். சின்ன அறையின் சுவரில் காதை வைத்தபோது சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. கூடவே ஒரு வாடை. ரொம்ப நேரம் சார்ஜில் கிடந்து சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை.

துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனபோதுதான் கவனித்தாள். அந்தச் சுவருக்கு அப்பால் வீடே இல்லை. வெறும் காற்றுதான்.

பயம் என்றால் எலும்புக்கூட்டைப் பார்த்தா வரும்? எலும்பைப் பார்த்தேதான் சம்பளம் வாங்குகிறாள். சிரித்துவிட்டு இறங்கி வந்தாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி அந்த அறைக் கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் படுத்தாள்.

அடுத்த விடுமுறையில், மத்தியானம் இரண்டு மணிக்கு போன் வந்தது.

உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது என்றார்கள். உள்ளே போதைப் பொருள். உங்கள் அடையாள அட்டை நம்பர், தம்பியின் போன் நம்பர் இரண்டும் அதில் இருக்கின்றன. ஒரு பெண் பேசி, அதிகாரியிடம் இணைத்தாள். வீடியோவில் காக்கிச் சட்டை, தொப்பி, பின்னால் கொடி, மேஜை மேல் கோப்புகள்.

இந்த மாதிரி மோசடிகளைப் பற்றி ஆஸ்பத்திரிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவளே அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தாள். அடுத்த வீட்டில் தீ என்றால் ஆயிரம் யோசனை சொல்ல வாய் வரும். தன் கூரையில் பொறி விழுந்தால் வாளி எங்கே என்றே தெரியாது. அந்த ஆள் தம்பியின் முழுப் பெயரையும், வேலை செய்யும் இடத்தையும் சொன்னதும் அவளுக்கு அந்த நோட்டீஸே மறந்துபோனது.

"சாயங்காலத்துக்குள்ள உங்க தம்பியத் தூக்கிடுவாங்க. ஒத்துழைச்சா நான் காப்பாத்தறேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. போனை வைக்கக் கூடாது. வெச்சா அதுவே குற்றம். புரியுதா?"

"புரியுது சார்."

"ஜன்னல் இல்லாத ரூம் இருக்கா?"

இருந்தது.

"அங்க போங்க. கதவச் சாத்திட்டு உட்காருங்க."

துணிகளைக் கீழே தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஓடியது. தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை. கேள்விமேல் கேள்வி. பிறகு அந்த ஆளின் குரல் திடீரென்று கனிந்தது. இருக்கிற சேமிப்பையெல்லாம் அரசாங்கம் சொல்கிற கணக்குக்கு மாற்ற வேண்டும், சோதித்துவிட்டு நாளைக்கே திருப்பித் தருவோம் என்றான். அவள் பேங்க் ஆப்பைத் திறந்தாள். அந்த ஆள் சொன்ன கணக்கு நம்பரை அடிக்க ஆரம்பித்தாள்.

"சீக்கிரம்."

"சரிங்க சார்."

அவள் வாயே திறக்கவில்லை.

திரையில் அந்த ஆள் நிமிர்ந்தான். "வீட்டுல யாருமில்லன்னீங்களே. பின்னாடி யாரு?"

சூடேறிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது.

திரையின் மூலையில் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு தோள். கலைந்த நரைமுடி. காதோடு போனை அழுத்திப் பிடித்த ஒரு கை.

திரும்பினாள். சுவர்தான் இருந்தது.

மறுபடி திரையைப் பார்த்தாள். அந்தத் தோள் இப்போது அவள் தோளை ஒட்டி இருந்தது.

"சரிங்க சார். லைன்லயேதான் இருக்கேன் சார். மூணு நாளா இருக்கேன் சார்."

அந்த ஆள் தொப்பியைக் கழற்றினான். உதடு வெளுத்திருந்தது. "இந்தம்மா… இந்தம்மா எப்படி…" என்றான். அவனுக்கு அந்த முகம் தெரிந்திருந்தது.

அவள் காதருகே மூச்சே இல்லாமல் ஒரு குரல்.

"நீ வை. நான் பேசிக்கறேன்."

போன் கையிலிருந்து நழுவியது. எப்படிக் கதவைத் திறந்தாள், எப்படிப் படி இறங்கினாள் என்று அவளுக்கு இன்றுவரை நினைவில்லை. வீட்டுக்காரரின் கூடத்தில் போய் விழுந்தாள். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தாள். முழுவதையும் கேட்ட வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"டீச்சரும் இப்படித்தாம்மா. மூணு நாள் போன்ல உட்கார வெச்சிருந்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. சோறில்ல, தூக்கமில்ல. நாலாம் நாள் நான் கதவ உடைச்சப்ப அந்த நாற்காலியிலேயே… போன் காதுலயே இருந்தது. சொன்னா யாரும் குடிவர மாட்டாங்கன்னு மறைச்சுட்டேன். தப்புதான்."

அவர் போனிலிருந்தே தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தான். "அக்கா, எந்தப் போலீசும் வீடியோல அரெஸ்ட் பண்ணாதுக்கா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு ஒருத்தன் சொன்னா, அப்பவே யார்கிட்டயாவது சொல்லணும்," என்றான். அவள் ஓவென்று அழுதாள்.

போனை எடுக்க மூவருமாக மேலே போனார்கள். அது நாற்காலியின்மேல் நிமிர்ந்து நின்றிருந்தது. கீழே விழுந்த போன் அது.

அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அந்த ஆள் அழுதுகொண்டிருந்தான்.

"அம்மா, கட் பண்ணுங்கம்மா. என்னால முடியல. கட்டே ஆகல. அவங்க வெக்க மாட்டேங்கறாங்கம்மா…"

வீட்டுக்காரர் கை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அணைந்தது.

அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். நம்பர், நேரம், அந்த ஆள் சொன்ன கணக்கு எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். நாற்காலியைப் பற்றி அவள் சொல்லவில்லை. மறுநாளே சாமான்களைக் கட்டிக்கொண்டு ஒரு நர்ஸின் வீட்டுக்குக் குடிபோனாள். மாடி வீட்டுக்கு வீட்டுக்காரர் பெரிய பூட்டாகப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து, காலை பதினோரு மணி. ஆஸ்பத்திரியில் வரிசை நீண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அழைத்தார்.

"அந்தக் கும்பலோட இடத்தப் பிடிச்சுட்டோம்மா. ஒருத்தன்கூட இல்ல. செருப்பக்கூட விட்டுட்டு ஓடியிருக்கானுங்க. மேஜை மேல போன்தான் இருக்கு, நாப்பது அம்பது. எல்லாத்துலயும் வீடியோ கால் ஓடுது. அணைச்சாலும் ஓடுது."

அவள் வரிசையை விட்டு ஓரமாக ஒதுங்கினாள்.

"எல்லாத்துலயும் ஒரே ரூம்தான். நீங்க புகார்ல சொன்ன மாதிரியே ஜன்னல் இல்ல. நாற்காலியில முதுகு காட்டி ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. நீங்கதானே?"

"நான் ஆஸ்பத்திரியில இருக்கேன் மேடம். டூட்டியில."

 இன்ஸ்பெக்டரின் குரல் தாழ்ந்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல வந்தது.

"இப்ப திரும்பறாங்க."