வலது காதில் ஒரு துளை!

"ஐயோ... போச்சு... எல்லாம் போச்சு!"

அந்த அலறலில் ஆய்வுக்கூடத்தின் மூன்று மாடியும் திடுக்கிட்டது.

இரண்டாவது நிமிடம் இன்ஸ்பெக்டரின் செல்போன் துடித்தது. மனைவியின் தங்கை!

"அத்தான்! உடனே வாங்க! கடத்திட்டாங்க!"

"யாரைம்மா?" இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே ஜீப்பில் இருந்தார்.

"என் செல்லத்தை!"

"வயசு?"

"எட்டு வாரம்!"

"அடப்பாவிகளா! பச்சைக் குழந்தையையா? அடையாளம் சொல்லு!"

"நல்ல கறுப்பு. மீசை உண்டு. வாலு கொஞ்சம் நீளம்..."

கிறீச்! ஜீப் நடுரோட்டில் நின்றது.

"வாலா?"

"எலி அத்தான், எலி!"

இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது. கொலைகாரனோ கொள்ளைக்காரனோ, யாராக இருந்தாலும் சட்டையைப் பிடித்து இழுத்து வருகிற ஆள்தான். எலி என்றால் மட்டும் நாற்காலி மேல் ஏறிவிடுவார். ஸ்டேஷனில் இது யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும் போகாமல் இருக்க முடியுமா? மச்சினி அழுதால் மனைவி சும்மா விடுவாளா?

போனார்.

தலையில் குல்லா, முகத்தில் மூடி, காலில் துணி உறை... எல்லாம் மாட்டிவிட்டுத்தான் எலி அறைக்குள் விட்டார்கள். சுவர் நிறைய கண்ணாடிப் பெட்டி மாதிரி கூண்டுகள். இன்ஸ்பெக்டர் வாசல்படியிலேயே நின்றுகொண்டார்.

"பதினேழாம் நம்பர் கூண்டு அத்தான். நாலு பேர். ஒரே பிரசவத்துல பொறந்த அக்கா தங்கச்சிங்க. அதுல ஒருத்திக்கு மட்டும் இதயத்தை உருவாக்குற ஒரு புரதம் கிடையாது. அதுக்கான மரபணுவை நாங்களே எடுத்துட்டோம்."

"அப்ப செத்திருக்கணுமே?"

"அதைத்தான் எங்க பேராசிரியர் இருபது வருஷமா சொல்லிட்டிருக்கார்! அந்தப் புரதம் இல்லன்னா இதயமே உருவாகாதாம். அதுக்கு அவருக்கு எத்தனை விருது தெரியுமா? ஆனா என் எலி ஜம்முனு ஓடி ஆடிட்டிருக்கு. வேற ஒரு புரதம் அந்த வேலையை எடுத்துக்கிச்சு. அக்கா ஊருக்குப் போனா நீங்க சமைக்கிறீங்கல்ல, அந்த மாதிரி."

"நான் சமைச்சு யாரு உயிரோட இருந்தா? சரி... நாலுல அது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவள் கூண்டில் செருகியிருந்த அட்டையைக் காட்டினாள். 'வலது காதில் துளை: புரதம் இல்லாதது. இடது காதில் துளை, இரண்டிலும் துளை, துளையே இல்லை: சாதாரணம்.'

"அட, எலிக்கும் காது குத்தறீங்களா!"

"விளையாடாதீங்க அத்தான்! இன்னிக்கு நாலு மணிக்கு நிபுணர் குழு வருது. எலியைக் காட்டலைன்னா நான் பொய் சொன்னேன்னு வேலையை விட்டே துரத்திடுவாங்க. ஆறு வருஷ உழைப்பு!"

அவள் கண்ணில் நீர் கட்டியது. இன்ஸ்பெக்டருக்கு மனசு தாங்கவில்லை. எட்டி நின்றபடியே கூண்டுக்குள் எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூ... ஐயோ, அசையுது!"

ஒரே தாவலில் நடைபாதைக்கு வந்துவிட்டார்.

"மூணுதான். போதும், ஊர்ஜிதமாயிடுச்சு!"

அறைக்கு மூன்று சாவிகள். ஒன்று மச்சினியிடம். ஒன்று பேராசிரியரிடம். மூன்றாவது, கூண்டுகளைக் கழுவித் தீனி வைக்கும் ஊழியரிடம். அவரை எல்லோரும் 'கூண்டண்ணன்' என்பார்கள்.

"சாவி உன்கிட்ட இருக்கு. எலி எங்கய்யா?"

"சார், பதினஞ்சு வருஷமா இதுங்களோடதான் குப்பை கொட்டறேன். லீவு நாள்லகூட எலி முகத்துலதான் முழிக்கிறேன். வீட்டுக்கு வேற ஒண்ணைத் தூக்கிட்டுப் போவேனா?"

"வாய் ஜாஸ்தி! அந்த மூலைல உக்காரு!"

பேராசிரியர் அறையில் ஏ.சி. சில்லென்று இருந்தது. அவர் முகத்தில் பதற்றமே இல்லை.

"அப்படியொரு எலி இருந்துச்சுங்கறதே எனக்குச் சந்தேகம் இன்ஸ்பெக்டர். பாவம், சின்னப் பொண்ணு... பேருக்கு ஆசைப்பட்டுட்டா."

மணி நாலு.

கூட்ட அறையில் ஐந்து நிபுணர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். கூண்டண்ணனை அங்கேயும் ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார் இன்ஸ்பெக்டர். குழுத் தலைவி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.

"எங்கம்மா அந்த அதிசய எலி?"

மச்சினி தலையைக் குனிந்துகொண்டாள். இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"விசாரணை தீவிரமா நடந்துட்டு..."

"விசாரணையே வேண்டாம்!" பேராசிரியர் துள்ளி எழுந்தார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சந்தோஷம் அவருக்கு வாய்கொள்ளவில்லை. "வலது காதுல துளை போட்ட அந்த எலியோட வால் நுனியைப் பரிசோதிச்சாச்சு! ரிப்போர்ட் இதோ! மரபணு முழுசா இருக்கு. இவ சொன்னது அத்தனையும் புளுகு!"



இன்ஸ்பெக்டரின் போலீஸ் மூளை மூன்று விநாடி கழித்து விழித்துக்கொண்டது.

"சார்... காலையில காணாமப் போன எலியோட வால், உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

பேராசிரியர் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"ஆமாய்யா, நான்தான் எடுத்தேன்! என் ரூம்லதான் பத்திரமா இருக்கு. நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன். இவ பொய்க்காரிதானே? ரிப்போர்ட் பொய் சொல்லுமா?"

இன்ஸ்பெக்டர் மச்சினியைத் திரும்பிப் பார்த்தார். திருடன் கிடைத்துவிட்டான்... மச்சினியின் வேலை போகப் போகிறதே!

"என்னம்மா சொல்றே?" தலைவியின் குரல் கடுமையாக இருந்தது.

மச்சினி நிமிர்ந்தாள். பதினேழாம் நம்பர் கூண்டைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தாள். கையை விட்டாள். ஒரு கறுப்பு எலியை உள்ளங்கையில் ஏந்தினாள்.

வலது காதில் துளை!

"சார் தூக்கிட்டுப் போனது இதோட தங்கச்சியை மேடம். இடது காதுல துளை போட்டவ. எலியோட பழகினவங்க வாலைப் பிடிச்சு, பின்பக்கமாப் பாப்போம். எலிக்கு வலதுதான் நமக்கும் வலது. சார் மூஞ்சிக்கு நேரா திருப்பிப் பாத்திருக்கார். எலியைக் கையால தொட்டு இருபது வருஷமாச்சுல்ல... மறந்துட்டார்."

எதிரே நின்றவரைப் பார்த்துத் தன் வலது கையைத் தூக்கிச் சரிபார்த்தார் இன்ஸ்பெக்டர். "அட, ஆமா!"

"வாலை வெட்டுங்க. எங்க கண்ணு முன்னாலயே பரிசோதனை!" என்றார் தலைவி.

மூன்று மணி நேரம். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

முடிவு வந்தது. மரபணு இல்லை. ஸ்கேன் திரையிலோ, அந்தக் குட்டி இதயம் கனஜோராகத் துடித்துக்கொண்டிருந்தது. ஐந்து பேரும் எழுந்து கை தட்டினார்கள். மச்சினி இந்த முறை நிஜமாகவே அழுதாள்.

இன்ஸ்பெக்டர் அவள் காதருகே குனிந்தார். "காலையிலேயே தெரியுமா?"

"கத்தறப்போ தெரியாது. நீங்க வர்றதுக்குள்ள காதைப் பாத்துட்டேன். தப்பான எலின்னு தெரிஞ்சா திருடன் சரியான எலிக்குத் திரும்ப வருவானே!"

"என்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

"உங்க வாயில ரகசியம் தங்காதுன்னு அக்கா சொல்லியிருக்கா."

அதற்குள் மேஜைப் பக்கம் ஒரு முனகல். பேராசிரியர் மார்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"எனக்கு... நெஞ்சு படபடங்குது... நின்னுடும் போலிருக்கு..."

மூலையிலிருந்து எழுந்து வந்த கூண்டண்ணன் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

"பயப்படாதீங்க சார்... எது இல்லாமப் போனாலும் இதயம் சமாளிச்சுக்கும்னு இப்பத்தானே நிரூபிச்சாங்க!"