கோரைக்குள்ளிருந்து பதில்

குளத்தில் ஒரு சத்தமும் இல்லை. பொழுது சாயும்போது கொக்கும் நீர்க்காகமும் கிளைக்கு அடித்துக்கொண்டு காதைக் கிழிக்கும் இடம் அது. இன்றைக்கென்று பார்த்து, சேற்று வாடையும் கோரைகள் ஒன்றோடொன்று உரசும் சரசரப்பும் தவிர வேறெதுவும் இல்லாமல், பறவைகள் எல்லாம் எங்கேயோ ஓடிப்போயிருந்தன.

அவள் கரையில் போனைப் பிடித்தபடி காத்து நின்றாள். உலகம் முழுக்க மக்கள் பறவைகளைப் பார்த்துப் பதிவு செய்யும் வாரத்தின் கடைசி மாலை இது. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை; அசையாமல் நின்று பறவை பார்க்கிற பைத்தியத்துக்காக அங்கே அவள் பெயரே 'கொக்கு'தான். அடுத்த மாதம் இந்தக் குளத்தை மண் கொட்டி மூடப்போகிறார்கள். கோரைக்குள் ஒளிந்து வாழும், கொக்கு இனத்து அரிய குருகு ஒன்று இங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு குரல் பதிவு கிடைத்தால் தடுத்துவிடலாம் என்று பறவைக் குழுத் தலைவர் சொல்லியிருந்தார்.

"ஆனா போன்ல அதோட குரலைப் போட்டுக் கூப்பிடாதீங்க. சொந்தம்னு நம்பி மறைவை விட்டு வெளிய வந்துடும். அது பாவம்," என்றும் எச்சரித்திருந்தார்.

இருட்டத் தொடங்கியது. கரைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"குட்டி, டார்ச்சை எடுத்துட்டு வா."

"வீட்டுப்பாடம் இருக்கும்மா. உன் தவத்துக்கு நான் எதுக்கு?" என்றாள் மகள் உள்ளிருந்தே.

வாயாடி. அவள் சிரித்துக்கொண்டாள். பிறகு, வேறு வழியில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, யாரோ எங்கோ எடுத்த குருகின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டாள். அடித்தொண்டையிலிருந்து வருகிற அந்த உறுமல் தண்ணீர்மேல் பரவி அடங்கியது.

பதில் வந்தது. அச்சு அசலாக அதே உறுமல். சந்தோஷத்தில் அவள் ஓரடி முன்னால் வைத்தாள்.

உறுமலின் முடிவில் கோரைக்குள் யாரோ இருமினார்கள்.

போனில் இருந்த குருகின் பதிவை மறுபடி, காதோடு வைத்துக் கேட்டாள். கடைசியில், பதிவு செய்தவரின் இருமல். அதே இருமல். பறவை எதுவும் மனிதன் இருமுவதைச் சேர்த்துப் பாடாது.

வீட்டை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். கரை வளைந்து போகிறது. வீட்டுக்கும் அவளுக்கும் நடுவில் கோரை.

"குட்டி, டார்ச்சை எடுத்துட்டு வா."

கோரைக்குள்ளிருந்து. அவள் குரல்.

வீட்டின் பின்கதவு திறந்தது. "வரேன், வரேன். விடமாட்டியே நீ," என்று அலுத்துக்கொண்டே மகள் இறங்கினாள். வெளிச்சம் ஆடி ஆடி வந்தது.

"வராதே. உள்ள போ," என்று கரையிலிருந்து அவள் அலறினாள்.

"வராதே," என்றது கோரை. "உள்ள போ," என்றது இன்னொரு பக்கம்.

வெளிச்சம் நின்றது.

"அம்மா, நீ எங்க இருக்க?"

"இங்க."

"இங்க," என்றது கோரை. "இங்க. இங்க."

வெளிச்சம் திரும்பியது. மகளுக்குப் பக்கத்தில் கேட்ட குரலை நோக்கி. அவள் தண்ணீரில் குதித்தாள். முழங்கால் வரை சேறு. இடுப்பு வரை. ஓட முடியவில்லை.

கோரை விலகி வெளிச்சத்தை உள்ளே விட்டு, பிறகு மூடிக்கொண்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது டார்ச் தண்ணீருக்கடியில் எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும், எல்லாத் திசையிலிருந்தும், மகளின் குரல் பொறுமையாகக் கேட்டது.

"அம்மா, நீ எங்க இருக்க?"