அடையாளச்சொல்

செவ்வாய்க்கிழமை என்றால் மதுரை கேட்பகத்தில் கூட்டம் நெரியும். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிப்பதற்காகப் பேச்சு கொஞ்சம் தடிக்கும்.

"எங்கப்பா போயி ஆறு மாசமாச்சு. இன்னும் கடைச் சாவி யாருகிட்டன்னுதான் கேக்குறாரு," என்றார் ஒருவர்.

"உசுரோட இருந்தப்ப மட்டும் குடுத்தாராக்கும்," என்றார் பக்கத்தில் இருந்தவர். நாலு பேர் சிரித்தார்கள்.

சீனிச்சாமி சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. மடிப்புக் கலையாத வேட்டியோடு தூண் அருகே நிமிர்ந்து நின்றார். எதிர்ச் சுவரில் ஐந்து இளைஞர்களின் படம் மாட்டியிருந்தது. இடப்பக்கக் கடைசியில் நிற்பது அவர்தான். மற்ற நால்வரும் இப்போது இல்லை.

அந்த ஐவரையும் ஊர் ஒரு காலத்தில் பேய் வாத்தியார்கள் என்றது. கல்லூரியின் பாழடைந்த அறை ஒன்றில் கம்பிச் சுருள்களை வைத்துக்கொண்டு இறந்தவர்களின் குரலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். குரல்கள் வரவும் செய்தன. இறந்தவரின் குரல் சுவடாகத் தங்கும், சுவடுவாங்கி என்னும் ரிசீவரில் அதைப் பிடித்துப் பேசவும் முடியும் என்று கண்டுபிடித்தது அவர்கள்தான். ஆனால் குரலோடு ஏமாற்றும் வந்தது. ஐவரில் ஒருவருக்கு, இறந்த மகனின் குரலில் எவனோ ஒருவன் பேசினான். பெயரைச் சொல்லாமல் குறிப்பாகவே பேசினான். தகப்பன் நம்பி அழுதார். பத்திரிகைகள் சிரித்தன.

அதன்பிறகு சீனிச்சாமி ஒரு சோதனையை வகுத்தார். ஒவ்வொருவரும் உயிரோடு இருக்கும்போதே ஒரு சொல்லை எழுதிப் பெட்டகத்தில் இட வேண்டும். அது வேறு யாருக்கும் தெரியக்கூடாது. இறந்தபின் அதைத் தம் குரலில் சொல்ல வேண்டும். எடுத்துக் கொடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. மூன்று அமர்வுகளிலும் சொல்லாத குரல் கலப்பொலி, அதாவது போலி. அந்த இணைப்பு அழிக்கப்படும். அதுவே சட்டமாயிற்று. ஏமாற்று ஒழிந்தது.

முதிய பெண்களின் குரல்கள் மட்டும் இச்சோதனையில் பெரும்பாலும் தேறுவதில்லை. அதற்கும் அவர் காரணம் எழுதினார்: பெண்களின் சுவடு வயதோடு மெலிந்துவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் அதற்குப் பெயர் சீனிச்சாமிச் சரிவு. பேரப்பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்யும்போது அடுத்த அறையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

இன்று அவருடைய மனைவி முத்துராக்குக்கு மூன்றாவது அமர்வு.

கேட்பக அலுவலர் நிலோஃபர் எழுந்து நின்று வரவேற்று, ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"வந்துட்டீகளா? சாப்பிட்டீகளா?" என்றது குரல்.

"சாப்பிட்டேன்."

"காபிக்கு அஸ்காவ அளவாப் போடுங்க. டப்பா எங்க இருக்குன்னு தெரியும்ல?"

தெரியும் என்றார். சீனியை அஸ்கா என்பது அவள் பிறந்த ஊர் வழக்கம் என்றே அவர் எண்ணியிருந்தார்.

"அம்மா, இதுதான் கடைசி," என்றாள் நிலோஃபர். "உங்க சொல்லைச் சொல்லிருங்க."

"அது வாயில வராது தாயி."

"மறந்துருச்சாம்மா?"

"மறக்குற சொல்லா அது? எழுதிக் குடுன்னாக, குடுத்தேன். எழுதுறதுல தப்பில்ல. வாயால சொல்லணும்னு யாரு கண்டா?" குரல் சற்றே தணிந்தது. "குறிப்பாச் சொல்றேன், புரிஞ்சுக்க. காபியில போடுறது ஒண்ணு. கோயில்ல இருக்குறது ஒண்ணு. ரெண்டையும் சேத்துப் பாரு."

நிலோஃபர் ஒலிவாங்கியை மூடினாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லச் சொன்னா சொல்லுவாங்க ஐயா."

மணமான புதிதில், பின்கட்டிலிருந்து அவள் ஒருமுறை அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும், அவருடைய தாய் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததும் நினைவுக்கு வந்தன. நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்லை என்று அன்று ஒரே ஒருமுறை சொன்னார். இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை அவளுடைய நல்ல குணம் என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

ஒலிவாங்கியைத் திறக்கச் சொன்னார்.

"முத்துராக்கு. நான்தான் சொல்றேன். சொல்லு."

"மெல்லப் பேசுங்க," என்றது குரல். "அத்தை இங்கனதான் இருக்காக."

நிலோஃபர் மீண்டும் மூடினாள். "குறிப்பை ஏத்துக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். விதியை எழுதினவரே நீங்கதானே."

"அன்னைக்கு அந்த ஏமாத்துக்காரனும் குறிப்புலதான் பேசினான்," என்றார். "என் வீட்டுக்குன்னு தனி விதி கிடையாதும்மா. முடிங்க."

"முடிக்கணும்னா உரியவர் தன் பெயரைச் சொல்லணும் ஐயா."

ஒலிவாங்கி திறந்தது. அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"சீனிச்சாமி."

சிறுதிரையில் எழுத்துகள் தோன்றின: சொல் சரி. குரல் வேறு.

"ஆமாங்க," என்றது குரல், பாரம் இறங்கியதுபோல. "அதேதான்."

இணைப்பு அழிந்தது. எடுத்துக் கொடுத்த சொல் செல்லாது என்பதும் அவர் எழுதியதுதான்.

நிலோஃபர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முழுவதையும் குடித்துவிட்டு வெளியே வந்தார்.

கதவருகே முதல் ஆளாக ஒரு கிழவர் டோக்கனோடு நின்றார்.

"ஐயாவுக்கு முடிஞ்சுதா? எனக்கும் இன்னைக்கு மூணாவது. ரெண்டு தடவையும் எம் பொஞ்சாதி மழுப்பிட்டா. சுவடு மெலிஞ்சுபோச்சாம். புஸ்தகத்துலயே போட்டிருக்காம்ல."

"உங்க பேரு?"

"வெள்ளைச்சாமி."

"வீட்ல வெள்ளைப்பூண்டை என்னன்னு சொல்லுவாங்க?"

கிழவர் விழித்தார். பிறகு பொக்கை வாய் தெரியச் சிரித்தார். "அதை ஏன் கேக்குறீக? நாத்தப்பூண்டும்பா. வெள்ளிக்கிழமையக்கூட 'வெ'ன்னு ஆரம்பிச்சு முழுங்கிருவாளேன்னு எங்கம்மா கேலி பேசும். அம்புட்டு மரியாதை."

உள்ளேயிருந்து அவருடைய எண்ணை அழைத்தார்கள். கிழவர் ஓர் அடி எடுத்து வைத்தார்.

சீனிச்சாமி கதவை மறித்தபடி நின்றார். இரண்டாவது முறை அழைத்தபோதும் விலகவில்லை.