ஒன்பதாம் நாள் எடுத்த கோட்டு

ஈரம் பையின் உள்பக்கம் இருந்தது.

வெளிப்பக்கம் இருந்திருந்தால் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். பூச்சி அரித்த பொருளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் போகாமல் ஒட்டி, ஃப்ரீசரில் வைத்து எடுத்த பிறகு, பையைப் பிரிக்காமல் ஒரு நாள் மேசைமேல் விட்டுவிட வேண்டும். குளிர் இறங்க இறங்க அறையிலிருக்கும் ஈரமெல்லாம் பைக்கு வெளியே முத்து முத்தாகப் பூத்து, வடிந்து, காய்ந்துவிடும், உள்ளே இருப்பது நனையாது. அந்தச் சின்ன மியூசியத்தின் கிடங்கில் பதினோரு வருஷமாக இதைத்தான் அவள் செய்துகொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் பையின் வெளிப்பக்கத்தை விரலால் தடவினாள். காய்ந்து கிடந்தது. உள்ளேதான், சிவப்புக் கம்பளிக் கோட்டின் காலருக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூட்டம். கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் படியுமே, அப்படி.

"சீல் சரியா ஒட்டல போல" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். சீலெல்லாம் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. ஒட்டியவளே அவள்தான்.

ஆறேழு வயசுப் பிள்ளை போடுகிற கோட்டு அது. பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைக் காலி செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டியோடு மியூசியத்துக்கு வந்தது. யாருடைய கோட்டு என்று பதிவேட்டில் எழுத வேண்டுமே என்று கேட்டதற்கு, கொண்டுவந்த மனுஷன் தலையைச் சொறிந்தார். "தெரியலையேம்மா. எங்க வீட்ல குழந்தையே இருந்ததில்ல."

கோட்டு முழுக்க அந்துப்பூச்சி அரித்த தடம். அந்துப்பூச்சி என்றால் மற்றவர்களுக்கு உடனே அவள் ஞாபகம்தான் வரும். மியூசியத்தில் அவளுக்குப் பேரே பூச்சியக்கா. கம்பளி, பட்டு, இறகு, ரோமம் எதுவும் அந்தப் பூச்சியின் புழுவுக்கு ஆகும். தின்ற துணியின் நூலையே இழுத்துத் தனக்கு ஒரு கூடும் பின்னிக்கொள்ளும். நீலத்தைத் தின்றால் நீலக் கூடு, பச்சையைத் தின்றால் பச்சை. கூட்டின் நிறத்தைப் பார்த்தே அது எந்த அலமாரியில் மேய்ந்துவிட்டு வந்தது என்று சொல்லிவிடுவாள். அதைக் கொல்லத்தான் ஃப்ரீசர். மைனஸ் இருபதில், முழுசாகப் பதினாலு நாள். பதின்மூன்று கிடையாது.

இந்தக் கோட்டை ஒன்பதாம் நாளே எடுத்துவிட்டாள்.

"சனிக்கிழமை பிள்ளைங்க வராங்க" என்று காப்பாட்சியர் சொல்லியிருந்தார். மியூசியத்துக்கு அவர்தான் எல்லாம். நல்ல மூடில் இருக்கும்போதும் எரிந்துதான் விழுவார். "போட்டோ எடுக்க ஆள் வருது. அந்தச் சிவப்புக் கோட்டு மேசைமேல இருக்கணும்."

"சார், இன்னும் அஞ்சு நாள் இருக்கு சார்."

"ஏன், பூச்சி என்ன காலண்டர் பாத்துட்டா சாகும்?" என்றவர், மேசையிலிருந்த காகிதக் கட்டைத் தட்டிக்காட்டினார். "உங்க கான்ட்ராக்ட் இதுக்குள்ளதான் இருக்கு. நான் இன்னும் கையெழுத்துப் போடல."

புருஷனுக்கு வெளியூரில் வேலை, ஒண்டியாக வைத்து வளர்க்கிற ஒரு பெண் குழந்தை, இந்த வயசில் வேறு வேலைக்கு எங்கே போய் நிற்பது? மனசுக்குள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கோட்டை எடுத்து வைத்தாள். பராமரிப்பு அட்டையில் நாட்கள் என்று போட்டிருந்த இடத்தில் பதினாலு என்று எழுதினாள். எழுதும்போது கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அதுதான் பிறகு நினைத்து நினைத்து அவளுக்கு ஆறவே இல்லை.

சனிக்கிழமை இருபது பிள்ளைகள் வந்தார்கள். 'தொட்டுப் பார்' என்று மாசத்துக்கு ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சி. ஆளுக்கொரு வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டு, பழைய தராசு, தட்டச்சு இயந்திரம், மண் பொம்மை என்று ஒவ்வொன்றாகத் தொடவிடுவார்கள். கோட்டை யாராவது போட்டுக்கொண்டு நின்றால் போட்டோ நன்றாக இருக்கும் என்றார் காப்பாட்சியர். ஒரு பிள்ளையும் முன்னால் வரவில்லை. "நாறுது" என்றது ஒன்று. நாறத்தான் செய்தது. நனைந்த நாயின் வாடை, அதற்கடியில் வேறென்னவோ, காய்ச்சல் வந்த பிள்ளையின் வாய் வாடை மாதிரி.

காப்பாட்சியர் சுற்றும்முற்றும் பார்த்தார். அவர் கண் குட்டிமேல் விழுந்தது.

குட்டி அவள் மகள். ஆறு வயசு. பள்ளி விட்டால் வேறு போக்கிடமில்லாமல் மியூசியத்துக்கு வந்து, வாட்ச்மேன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். பெஞ்ச் சலித்தால் காப்பாட்சியர் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் அறை நாற்காலியில் ஏறிப் படம் வரைவாள். "இது மியூசியமா பாலர் பள்ளியா?" என்று தினமும் கத்துகிற மனுஷன் அன்றைக்கு, "நம்ம பிள்ளைதான் இருக்காளே!" என்று வாயெல்லாம் பல்லாக நின்றார்.

அஞ்சு பட்டன். அஞ்சையும் அவள்தான் போட்டுவிட்டாள்.

"அம்மா" என்றாள் குட்டி, காதோரமாக. "உள்ள ஏற்கெனவே சூடா இருக்கு."

போட்டோ எடுத்து முடிந்ததும் கோட்டைக் கழற்றி, உள்பக்கம் பார்க்காமலே பழையபடி பையில் போட்டு ஒட்டினாள். ஃப்ரீசரில் இடமில்லை, நூலகத்திலிருந்து வந்த பழைய புத்தகக் கட்டுகள் அதற்குள் போயிருந்தன. அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

திங்கட்கிழமை வாட்ச்மேனின் பெஞ்சுக்கு அடியில் பெருக்கும்போது முதல் கூடு கிடைத்தது. சிவப்பு. அரிசி அளவுதான். இது எதிர்பார்த்ததுதானே என்று தேற்றிக்கொண்டாள். ஒரு புழு தப்பியிருக்கிறது, அவ்வளவுதான். சுவரோரமெல்லாம் பசை அட்டைகள் வைத்தாள்.

புதன்கிழமை இரண்டாவது கிடைத்தது, காப்பாட்சியரின் நாற்காலிக்குப் பின்னால். அவர் ஏசிக்காகப் போர்த்திக்கொள்ளும் சால்வையின் நீலம். அது அவளுடைய நடுவிரல் நீளம் இருந்தது.

அந்துப்புழுவின் கூடு அரிசியைத் தாண்டி வளராது. பதினோரு வருஷத்தில் அவள் பார்த்ததில்லை, யாரும் பார்த்திருக்க முடியாது. கையில் எடுத்தபோது லேசாகப் பிசுபிசுத்தது. நூல் அறுபட்ட இடமெல்லாம் தட்டையாக நசுங்கியிருந்தது. கத்தரித்த மாதிரி இல்லை. மென்ற மாதிரி.

கூட்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு காப்பாட்சியர் முன்னால் போய் நின்றாள். "சார், அந்தக் கோட்டுல இருந்து ஏதோ வெளிய வந்திருக்கு."

அவர் கூட்டைப் பார்க்கவே இல்லை. "கார்டைக் கொண்டாங்க" என்றார். கொண்டுவந்தாள். "பதினாலுன்னு போட்டிருக்கே. உங்க கையெழுத்துதானே? அப்புறம் எங்கிருந்து வந்துது பூச்சி?"

ஒன்பதுதான் சார், நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். கட்டின் மேலேயே கான்ட்ராக்ட் கிடந்தது. கார்டை எடுத்துக்கொண்டாள்.

அவர் சால்வையை உதறி விரித்துக் காட்டினார். நடுவில் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. "பூச்சியாம் பூச்சி! உங்க பொண்ணு வேலை இது. இனிமே அந்தப் பிள்ளைய இங்க பாத்தேன், அம்மாவும் பொண்ணும் சேந்தே வெளிய போகலாம்."

வெளியே வாட்ச்மேன் அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். "இங்க பாரு பூச்சியக்கா, எனக்கு வந்த கேட்டை." பின்மண்டையில் நாலு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. மொழுமொழுவென்று இருந்தது. "நேத்து சாயங்காலம் லேசா கண்ணசந்தேன். எந்திரிச்சா இப்படி. எலியா என்னன்னு தெரியல. குட்டிதான் பக்கத்துல உக்காந்து எழுதிட்டிருந்தா, அவளும் ஒண்ணும் பாக்கலயாம்."

மூன்றாவது கூடு அவர் பெஞ்சுக்கு அடியில், மூலையில் ஒட்டி நின்றது. முழங்கை நீளம். அவருடைய பழுப்பு மஃப்ளர் நூலோடு நரைமுடி கலந்து, நெருக்கமாக, பொறுமையாகப் பின்னியிருந்தது. அவ்வளவு பொறுமை பூச்சிக்கு ஏது என்று அவளுக்குத் தோன்றியது.

பசை அட்டைகளில் ஒன்றும் சிக்கவில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் குட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். காப்பாட்சியர் துரத்தியதும் ஒருவகையில் நல்லதுதான், அந்தச் சனியன் இருக்கிற இடத்தில் பிள்ளை வேண்டாம் என்று நினைத்தாள். சனிக்கிழமை காலையில் தலை சீவிவிட உட்காரவைத்தாள். சீப்பில் தடையே இல்லை. பின்கழுத்திலிருந்து உச்சிவரைக்கும் மேல்முடியைப் போட்டு மூடி வைத்திருந்தாள் குட்டி. அதற்கடியில் வெறும் தோல். வேர்கூட இல்லை.

"குட்டி! என்னடி இது? வலிக்குதா?"

"வலிக்கலம்மா."

"யாரு பண்ணா? எது வந்து கடிச்சுது? சொல்லுடி தங்கம்."

குட்டி மேல்முடியை இழுத்து மறுபடி மூடிக்கொண்டாள். பள்ளிப்பையில் நாலு நாள் டிபன் அப்படியே ஊசிக் கிடந்தது. ஏன் சாப்பிடவில்லை என்றால், பசிக்கல. ராத்திரி பிசைந்து ஊட்டிய சோறும் வாயோரம் வழிந்துதானே போனது, அதையும் பசிக்கல என்றுதான் சொல்லியிருந்தாள். அவள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் பொய்தான் பிள்ளையைக் கடிக்குது என்று வாய்விட்டே அழுதாள். போகிற வேலை போகட்டும் என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மியூசியம் விடுமுறை. குட்டியை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். புத்தகக் கட்டுகளை வெளியே இழுத்துப் போட்டு ஃப்ரீசரில் இடம் பண்ணினாள். கோட்டை மறுபடி வைக்க வேண்டும். இந்த முறை முழுசாக.

பையைத் தூக்கினாள். கனமே இல்லை.

உள்ளே வறண்டு கிடந்தது. பிரித்தாள். வாடையும் இல்லை. கோட்டின் வெளித்துணி அப்படியே இருந்தது, அஞ்சு பட்டனோடு. உள்ளே வைத்துத் தைத்திருந்த சிவப்புக் கம்பளி மொத்தமும் போயிருந்தது. பையில் ஒரு துகள்கூட இல்லை. அப்படியானால் பைக்குள் போகும்போதே அது போயிருக்க வேண்டும். போட்டோ எடுத்த அன்றைக்கே. குட்டி போட்டிருந்தபோதே.

கோட்டைக் கீழே வைத்தாள்.

பெஞ்சுக்கு அடியில். குட்டி எழுதும் பெஞ்சு.

நாற்காலிக்குப் பின்னால். குட்டி படம் வரையும் நாற்காலி.

வாட்ச்மேன் அண்ணன் கண்ணசந்தபோது பக்கத்தில் யார்?

யாரும் குட்டியைக் கடிக்கவில்லை.

கிடங்கைப் பூட்டினாளா என்று தெரியாது. ஓடினாள். செருப்பு ஒன்று ரோட்டிலேயே போனது. பட்டப்பகல், வெயில், வண்டிகள், ஹாரன். எதுவும் காதில் விழவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் இப்படி ஓடியார? குட்டி உங்க வீட்லயே தூங்குறேன்னா. நான்தான் படுக்கவச்சேன். குளிருதுன்னு கம்பளி கேட்டா, குடுத்தேன். அப்புறம் இன்னொண்ணு கேட்டா. என்ன பிள்ளையோ, இந்த வெயில்ல!"

அவள் வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

உள்ளே சத்தம். சின்னச் சத்தம். சீரான சத்தம். மாடு அசைபோடுகிற சத்தம்.

படுக்கையறை ஜன்னல் மூடியிருந்தது. கட்டிலில் குட்டி உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு முடி இல்லை. புருவம் இல்லை. விரல்களில் நகம் இல்லை. இடுப்புவரைக்கும் கூட்டுக்குள் இருந்தாள். அக்காவின் கம்பளி, அப்பாவின் ஸ்வெட்டர், குட்டியின் கறுப்பு முடி. வரி வரியாக. நெருக்கமாக. பொறுமையாக. கம்பளி ஓரத்தை வாயில் வைத்து மென்று, நூலை நாக்கால் இழுத்து, குனிந்து, வயிற்றைச் சுற்றி அடுத்த வரியைப் பின்னினாள். கம்பளி அவ்வளவுதான். தீர்ந்துவிட்டது.

நிமிர்ந்தாள். கண் மட்டும் மாறவே இல்லை. அவள் பெற்ற கண்.

"அம்மா" என்றாள். "பசிக்குது."

ஒரு வாரமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள். கால் பின்னால் போகச் சொன்னது. பின்னால் கதவு இருந்தது, கதவுக்கு வெளியே வெயில் இருந்தது. அவள் திரும்பி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள்.

கட்டில் ஓரத்தில் மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னலை முன்னால் எடுத்து, நுனியிலிருந்து ஒவ்வொரு பிரியாக அவிழ்த்தாள். உதறி, பின்னால் விட்டாள். கட்டில் கிரீச்சிட்டது. என்னவோ நகர்ந்து பக்கத்தில் வந்தது.

வெளியே அக்கா கதவைத் தட்டினாள். "முழிச்சிட்டாளா? ஏதாவது வாயில போட்டாளா?"

"சாப்பிட்டுட்டிருக்காக்கா" என்றாள் அவள். பின்கழுத்தில், மெதுவாக, முதல் இழுப்பு.