பூதத்துக்குக் குறைந்த இரண்டு மார்க்

15-11-1958, சனிக்கிழமை.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பூதத்துக்கு இரண்டு மார்க் குறைத்துப் போட்டேன். நடிப்பில் குறை இருந்ததற்காக அல்ல. காரணம் வேறு. அதை இங்கே எழுதக்கூடக் கை வரவில்லை.

அக்னஸ் பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள். 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். அடித்தது அதிகப்படியோ என்று தோன்றவே, அதையே மேலே சின்னதாகத் திரும்ப எழுதினாள்.

அவள் அப்படித்தான். பகலில் பெரிய கடைவீதியில் ஒரு மருந்து மொத்த வியாபாரியின் ஆபீஸில் டைப் அடிப்பாள். மாலையில் தெப்பக்குளத்துப் பக்கம் தமிழ் வகுப்பு. உறையை ஒட்டிய பிறகும், உள்ளே போனது சரியான கடிதம்தானா என்று விளக்கில் பிடித்துப் பார்ப்பாள். வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, வீடு வரும் வரை அந்தப் பதிலைப் பற்றியே கவலைப்படுவாள்.

அந்தக் குணத்துக்காகவே அவளை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார் வகுப்பாசிரியர் அமிர்தராஜ். அங்கே ஒரு நாடக சபா இளம் நடிகர்களுக்குப் போட்டி வைத்திருந்தது. எல்லாமே மாயாஜால நாடகங்கள். நடுவராகப் போக வேண்டியவர் அவர்தான். காய்ச்சல் வந்து படுத்துவிட்டார்.

"நீ போம்மா. நீ போட்டா மார்க்கு நியாயமா இருக்கும்" என்றார்.

நியாயம்... அந்தச் சொல்தான் வினையாக வந்து முடிந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவள் பஸ் ஏறும்போது தூறல். பஸ் கிளம்பும்போது நல்ல மழை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது, ஆனால் ஜன்னலுக்குக் கதவில்லை. வண்டி நகர்ந்த பிறகு ஒருவன் ஓடி வந்து தொற்றினான். கையில் பெரிய கோணி மூட்டை. நின்றிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது பஸ்ஸில் வழக்கம்தானே. அக்னஸ் தலை நிமிராமலே கையை நீட்டினாள்.

"இது பை இல்லீங்க" என்றது ஒரு குரல்.

கூரையில் மழை அப்படி அறைந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவிலும் அந்தக் குரல் அவள் காதுக்கு மட்டும் சொன்னது போல் தெளிவாக வந்தது.

"எதுவா இருந்தா என்ன, குடுங்க."

"அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

கோணி விலகியது. அவள் மடியில் ஒரு தலை... நீல முகம், உருண்ட கண்கள், காது வரை கிழிந்த வாய், வெளியே நீண்ட பற்கள். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா கூடையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா. காகிதக் கூழ்ல செஞ்ச பூதம். கடிக்காது."

கண்டக்டர் வந்தார். பூதத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கு யாரு டிக்கெட் எடுக்கறது?"

"நான்தாண்ணே. அரை டிக்கெட் போடுங்க."

"ஏம்ப்பா, பூதத்துக்கு ஆயிரம் வயசாவது ஆயிருக்கும். அரை டிக்கெட்டா?"

"குடத்துக்குள்ள அடைஞ்சு கெடந்த வருசமெல்லாம் கணக்குல சேராதுண்ணே."

அக்னஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் சிரிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள்.

கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு. அதற்கு நடுவே இரண்டு கண்கள்... இமையில் மழைத்துளி நிற்கிறது, துடைக்கக்கூடக் கை ஒழியாமல் கம்பியைப் பிடித்திருக்கிறான், ஆனாலும் அந்தக் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அவள் சட்டென்று குனிந்தாள். மடியிலிருந்து பூதம் அவளையே பார்த்தது.

"நாடகத்துல நீங்கதான் பூதமா?"

"எப்பவும் நான்தாங்க. போன வருசம் கரடி. அதுக்கு முன்னாடி பேசற மரம்." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். "இந்த மூஞ்சிக்கு ராஜா வேசம் யாரு குடுப்பா? குரல் ஒண்ணுதான் என் சொத்து. ஆனா இன்னிக்கு முதலா வந்தா, தை மாச நாடகத்துல ராஜாவாப் போடறாங்களாம். முகமூடி இல்லாம."

காவிரிப் பாலம் வந்தது. ஆறு செம்மண் கலங்கி, கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாரல் உள்ளே அடித்தது. அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஜன்னலை மறைத்துப் பிடித்தான்.

"பூதம் நனையக் கூடாதுங்க. பசை விட்டுப் போயிடும்."

துண்டு என்னவோ பூதத்தைவிட அவள் பக்கம்தான் அதிகம் நீண்டிருந்தது.

தான் நடுவர் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் வந்துவிட்டது.

பொன்மலைக் குழுவின் நாடகம் கடைசியாக வந்தது. இளவரசன் குடத்தைத் திறக்கிறான், பூதம் வருகிறது, கேட்டதெல்லாம் தருகிறது. கடைசியில் இளவரசன் அதற்கு விடுதலை கொடுக்கிறான். பூதம் பறந்து போகும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அது போகவில்லை. நின்றது. திரும்பிப் பார்த்தது.

"இளவரசே... இனி என்னை யார் கூப்பிடுவார்கள்?"

கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. அக்னஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கோரமான காகித முகத்துக்காகத் தான் அழுகிறோம் என்று அவளால் நம்பவே முடியவில்லை.

குரலுக்குப் பத்து என்று எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றது. இந்தப் பத்து குரலுக்கா... துண்டுக்கா? பஸ்ஸில் சிரித்தது நான்தானே. தெரிந்தவன் என்று தூக்கிப் போடுகிறேனோ? பத்தை அடித்து எட்டு என்று போட்டாள். ஒரு நிமிஷம், தன் நேர்மையைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

கரும்பலகையில் நடுவர்கள் போட்ட மார்க்கைத் தனித்தனியாக எழுதிக் கூட்டினார்கள். முதல் இடம் உறையூர்க் குழுவின் இளவரசனுக்கு. ஒரே மார்க் பின்னால், இரண்டாவதாக, பொன்மலைப் பூதம், அடைக்கலராஜ். மெடல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்தார்கள்.

அவன் பூதத்தின் தலையை இடுக்கிக்கொண்டு நேரே அவளிடம் வந்தான்.

"நீங்க நடுவருங்களா. பஸ்ல சொல்லவே இல்லையே." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "வருத்தமெல்லாம் இல்லீங்க. குரலுக்கு நீங்க எட்டு போட்டிருந்தீங்க. என்ன குறைன்னு சொன்னா திருத்திக்குவேன்."

ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"கடைசி வரிசைக்கு... சரியா எட்டலை."

"அப்படிங்களா." அவன் அதைக் கவனமாக வாங்கிக்கொண்டான். "நல்லதுங்க. இதுவரைக்கும் யாரும் எடுத்துச் சொன்னதில்லை."

நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை மாலை வகுப்பு முடிந்து சத்திரத்துக்கு வந்தவள், அவனைப் பார்த்தாள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் காக்கி உடுப்பு, கழுத்தில் மப்ளர். அவளைக் கண்டதும் கண் மலர்ந்தது. ஆனால் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"உங்க தொண்டைக்கு என்ன?"

"பொன்மலைக் குன்று மேல ஏறி நின்னு..." அவள் நெருங்கி நின்று கேட்க வேண்டியிருந்தது. "தினம் சாயங்காலம் வசனத்தைக் கத்தினேங்க. கடைசி வரிசைக்கு எட்டணுமில்ல. மழையில நனைஞ்சது சேரலை. பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். குரல் திரும்புமான்னா, பார்க்கலாம்ங்கறார்."

குரல் ஒண்ணுதான் என் சொத்து என்று சொன்னவன்...

"கேளுங்க. உங்க குரல்ல ஒரு குறையும் இல்லை. நான் சொன்னது பொய். பத்து போட்டு, அடிச்சு எட்டாக்கினேன். சபாவுல சொல்லி மாத்திடறேன்."

அவன் அவளையே பார்த்தான். கண்ணில் இருந்த சிரிப்பு மெல்ல அணைந்தது.

"தொண்டை போச்சேன்னு பாவப்பட்டுச் சொல்றீங்களா?"

"இல்லைங்க..."

"இந்த மூஞ்சியப் பார்த்தா எல்லாருக்கும் இரக்கம் வரும். மேடையில மட்டும்தான் இரக்கத்துக்கு இடமில்லாம இருந்துச்சு. முகமூடி இருக்குமில்ல. நீங்க அங்கயும் கொண்டு வந்துட்டீங்க. வேணாங்க. போயிட்டு வரேன்."

பொன்மலை பஸ் நின்றிருந்தது. அவன் ஏறிக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கையில் குடை இருந்தும் அக்னஸ் விரிக்க மறந்து நின்றாள்.

ஒரு பெண் பிள்ளை சபாவில் போய், ஏன் குறைத்தேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு ஊர் என்ன பேசும்? அம்மா காதுக்குப் போனால்? இரண்டு நாள் அதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். ஆபீஸில் ஒரு கடிதத்தை, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, சரிபார்க்காமல் ஒட்டி அனுப்பினாள்.

சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போனாள்.

சபா செயலாளர் சௌரிராஜ ஐயங்கார், நாளைய விழாவுக்கு நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். "வாம்மா குழந்தே. நாளைக்குன்னா விழா?"

"சார், நான் போட்ட மார்க்குல தப்பு இருக்கு. பூதம் வேஷம் போட்டவருக்கு ரெண்டு மார்க் குறைச்சுட்டேன்."

"கூட்டல்லயா?"

"இல்லை. மனசுல."

ஐயங்கார் எண்ணுவதை நிறுத்தினார்.

"அன்னிக்கு பஸ்ல வரும்போது பூதத்தோட தலையை நான்தான் மடியில வெச்சிட்டு வந்தேன். அவர் பேசினதைக் கேட்டுச் சிரிச்சேன். எனக்கு... அவரைப் பிடிச்சிருந்துச்சு. மார்க் போடறப்ப, பிடிச்சதுக்காகப் போடறேனோன்னு பயம் வந்துச்சு. அதனால குறைச்சேன். அவர் காரணம் கேட்டப்ப, குரல் எட்டலைன்னு பொய் சொன்னேன். அதை நம்பித்தான் அவர் குரலைக் கெடுத்துக்கிட்டார்."

சொல்லி முடித்தாள். காதெல்லாம் சுட்டது.

"பிடிச்சிருந்தா ஜாஸ்தி போடறவாளைப் பார்த்திருக்கேன்" என்றார் ஐயங்கார் மெதுவாக. "பிடிச்சிருக்குன்னு கொறைக்கறவளை இப்பத்தாம்மா பார்க்கறேன்."

மேடைத் திரைக்குப் பின்னால் ஏதோ தகர டப்பா உருண்டது.

"அவனுக்கும் கேட்டுடுத்து போலருக்கு" என்றார். "தலை நனைஞ்சு உரிஞ்சிருக்குன்னு பசை போட வந்தான். போட்டுண்டிருக்கான் மத்தியானத்துலேர்ந்து."

திரையை விலக்கிக்கொண்டு அடைக்கலராஜ் வந்தான். விரல் முழுக்க நீல வர்ணம்.

"நான் அறிவிச்சது அறிவிச்சதுதான்" என்றார் ஐயங்கார். "மெடல் உறையூர்ப் பையனுக்கு. அவன் பேர்ல என்ன பிசகு? ஆனா தை மாச ராஜா யாருன்னு நான் இன்னும் வாயைத் திறக்கலை. மார்கழி முடியறதுக்குள்ள தொண்டை சரியாச்சுன்னா எங்கிட்ட வா. இல்லேன்னா வேற யாராவது ராஜா." அவர் நாற்காலிகளோடு வாசல் பக்கம் போய்விட்டார்.

அக்னஸ் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

அவன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். மேஜை மேல் இருந்த பூதத்தின் தலையை எடுத்து மாட்டிக்கொண்டு, இல்லை என்று இப்படியும் அப்படியும் ஆட்டினான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அதைக் கழட்டுங்க."

கழற்றினான். இந்த முறை அவள் குனியவில்லை.

"தழும்பைப் பார்த்து இரக்கப்பட்டேன்னீங்க. தழும்பைப் பார்த்தேன்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா வீட்டுக்குப் போய் நினைச்சா... உங்க கண்ணு மட்டும்தான் ஞாபகத்துக்கு வருது. நான் என்ன செய்ய?"

அவன் கண்ணில் அணைந்திருந்தது, மெல்ல... மெல்லத் திரும்பி வந்தது.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். அவளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவன் கம்பியைப் பிடித்து நின்றான். அவள் கையை நீட்டினாள். பூதம் மடிக்கு வந்தது.

பாலத்தின் மேல் வண்டி ஏறியது. வெளியே தூறல். அவன் குனிந்தான். டாக்டர் சொன்னதை மீறி, காற்றாக வந்தது குரல்.

"இனி என்னை யாரு கூப்பிடுவாங்க?"

அவள் பூதத்தின் நெற்றியில் இன்னும் காயாத வர்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான்."

"என்னன்னு?"

அக்னஸ் வழக்கம் போல் யோசித்தாள். பேர் சொல்லியா? சே... அம்மா அடுப்படியிலிருந்து அப்பாவைக் கூப்பிடுவது நினைவுக்கு வந்தது. முகம் சிவந்தது. அவனுக்கு மட்டும் கேட்கும்படி, அம்மா கூப்பிடும் அதே இழுப்பில், மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க..."

அந்தச் சொல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டியது.

22-11-1958, சனிக்கிழமை.

சென்ற வாரம் எழுதியதில் 'சிறு' என்பது தவறு. அடித்துவிட்டேன். புடவையில் நீல வர்ணம் ஒட்டியிருக்கிறது. துவைக்கப் போடவில்லை.

நாளை: மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் அம்மாவிடம் சொல்ல வேண்டும். வரும் வழியில் தொண்டைக்குச் சித்தரத்தை வாங்க வேண்டும்.