கேமராவை இறக்கி வைத்தவன்

"கேமராவைக் கீழே இறக்குங்க!"

அவள் கத்திய கத்தலில் மழைகூட ஒரு நொடி திகைத்து நின்ற மாதிரி இருந்தது...

சுகாதாரத் துறை அலுவலக வாசல். காலையிலிருந்து நடைபாதையில் பெற்றோர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். 'ஆட்டிசம் உள்ள எங்கள் பிள்ளைகளுக்கும் அரசு செலவில் சிகிச்சை கொடு' என்று எழுதிய அட்டைகள் எல்லார் கையிலும். காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் அரசு காப்பீட்டில் இடமிருந்தது. பேச வராத குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க மட்டும் இடமில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

திடீரென்று மழை கொட்டியது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அந்த விசில்தான் வினையாகிப் போனது.

அவளுடைய ஆறு வயது மகள் சிட்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொண்டை கிழியக் கத்தினாள். தலையைத் தரையில் மோதப் போனவளை, முழங்காலை முட்டுக்கொடுத்துத் தடுத்துக்கொண்டிருந்தாள் அம்மா. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டிவி கேமரா... குழந்தையின் முகத்துக்கு நேராக.

கத்தினாள். அவன் அசையவில்லை. எட்டி ஒரு தள்ளு தள்ளினாள். கேமரா தப்பித்தது. அவன் மூக்குக்கண்ணாடி தப்பிக்கவில்லை. தெறித்து விழுந்து, ஓடிய யாரோ ஒருவரின் செருப்புக்கடியில் நொறுங்கியது.

"உங்க வீட்டுக் குழந்தை இப்படி அழுதா பக்கத்துல போய்ப் படம் பிடிப்பீங்களா?"

கேமராக்காரன் பேந்தப் பேந்த விழித்தான். கேமராவை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தான். அதன்மேல் போர்த்தியிருந்த மழைக்கோட்டை உருவினான். குழந்தையைத் தொடாமல், தள்ளி நின்று, இரண்டு கைகளாலும் கோட்டை அவள் தலைக்கு மேலே கூரை மாதிரி பிடித்தான்.

"பேசாதீங்க. சத்தம் கேட்டா இன்னும் பயப்படுவா" என்றாள் அவள்.

பேசவில்லை. மழை அவன் முகத்தில் வழிந்தது. கேமராவும் நனைந்தது. சிட்டுவின் கத்தல் அழுகையாகி, அழுகை விம்மலாகி, விம்மல் அடங்கும்வரை அவன் கையை மடக்கவே இல்லை.

தூரத்தில் வேனிலிருந்து யாரோ அவனைத் திட்டிக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சொல்லியிருக்க வேண்டுமா என்ன? முதலில் படம் பிடித்தது யாராம்?

*

அவள் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். இரண்டு நாள் கழித்து, மத்தியான நேரம், கடையின் கதவில் ஒருவன் 'டொம்' என்று முட்டிக்கொண்டான். நெற்றியைத் தேய்த்தபடி உள்ளே வந்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவனேதான்!

"அவசரமா ஒரு கண்ணாடி வேணும்ங்க. இருந்தது உடைஞ்சு போச்சு."

முன்னால் நிற்பது யாரென்று தெரியவில்லை அவனுக்கு. கண்ணாடி இல்லாமல் பாவம், எல்லாமே புகைமூட்டம்தான்! அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். குரலை மாற்றி, "எப்படி உடைஞ்சது?" என்றாள்.

"ஒரு அம்மா தள்ளி விட்டுட்டாங்க."

"ஐயையோ... ரொம்ப ராங்கிக்காரங்களோ?"

"சேச்சே. தப்பு என்மேலதான்." சற்று யோசித்தான். "கை மட்டும் கொஞ்சம் பலமான கை."

சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள்... முடியவில்லை. அவன் காதைத் தீட்டிக்கொண்டான்.

"இந்தக் குரல்... 'கேமராவைக் கீழே இறக்குங்க'... நீங்கதானே?"

"நானேதான்."

"அப்ப பாதி விலைக்காவது போட்டுக் கொடுங்க மேடம்!"

பவர் பார்த்தாயிற்று. அடுத்து, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். சின்ன அளவுகோலோடு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் சொல்கிற வாக்கியம்தான். இன்றைக்கு என்னவோ நாக்கு தடுக்கியது.

"நேரா... என் கண்ணைப் பாருங்க."

பார்த்தான். மழை விட்ட பிறகு தேங்கித் தெளிந்த தண்ணீர் மாதிரி கலங்காத கண்கள்... உள்ளே ஒளிக்க எதுவும் இல்லாத கண்கள். அவளுக்கு அளவு தப்பியது. மறுபடி அளந்தாள். மறுபடியும் தப்பியது.

"அன்னைக்கு எடுத்த படத்தை அழிச்சிட்டேன்" என்றான் அவன், கண்ணைச் சிமிட்டாமல். "ஆபீஸ்ல செம திட்டு. ஆனா நீங்க கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. அதான்."

அளவுகோலைக் கீழே வைத்துவிட்டாள்.

*

பெற்றோர் சங்கத்தை நடத்துவது ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். அவருடைய மகனுக்கு இருபது வயது. இன்றும் டீச்சர்தான் அவனுக்குத் தலை சீவி விடுகிறார். சங்கக் கூட்டத்தில் விஷயம் தெரிந்ததும் டீச்சர் முகம் தொங்கிப் போனது.

"அழிச்சிட்டாராமே? அந்த ஒரு காட்சியைப் பார்த்திருந்தா கல்லும் கரைஞ்சிருக்கும்மா. அடுத்த மாசம் அரசாங்கக் குழு நம்மளைக் கூப்பிட்டிருக்கு. அவங்களுக்கு நாம எதைக் காட்டறது?"

அவளுக்குக் குற்ற உணர்வாக இருந்தது. தன் மகளின் மானத்தைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளின் வாழ்க்கையையும் கெடுத்துவிட்டோமோ? ஆனாலும் சொன்னாள்.

"சிட்டு அழறதைக் காட்டி நான் பிச்சை கேட்க மாட்டேன் டீச்சர்."

டீச்சர் கூப்பிட்டு வந்திருந்த கேமராக்காரன் ஓரத்து நாற்காலியிலிருந்து மெல்லச் சொன்னான். "அழறதை ஏன் காட்டணும்? அவ கத்துக்கிட்டதைக் காட்டுவோமே."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புதுக் கண்ணாடியில் அவன் கொஞ்சம் லட்சணமாகத்தான் இருந்தான் என்று அவள் மனசு சொன்னது. மனசை ஒரு அதட்டு அதட்டினாள்.

சிட்டு கற்றுக்கொண்டது உண்மை. முன்பெல்லாம் தாகமெடுத்தால் சிட்டு கதவில் தலையை மோதுவாள். எதற்கு மோதுகிறாள் என்று தெரியாமல் அம்மாவும் கூடவே அழுவாள். ஒரு வருடப் பயிற்சியில், தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்டக் கற்றாள். அந்த அட்டை முதன்முதலாகத் தன் கைக்கு வந்த அன்று, அம்மா சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு பணம் கட்ட முடியாமல் பயிற்சி நின்றது. கற்றது கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவிக்கொண்டிருந்தது.

"சரி" என்றாள். "ஆனா சிட்டுவுக்குப் பிடிக்கலைன்னா அந்த நிமிஷமே நிறுத்திடணும்."

"நீங்க தள்ளறதுக்கு முன்னாடியே நிறுத்திடறேன்!"

*

கேமராக்காரன் வீட்டுக்கு வந்தான். முதல் சில மாலைகள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சும்மா தரையில் உட்கார்ந்திருந்தான். அம்மா கடையிலிருந்து கொண்டுவந்த காலி மூக்குக்கண்ணாடிக் கூடுகளைச் சிட்டு நிறம் பார்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள், உதவுகிறேன் பேர்வழி என்று அவன் ஒரு நீலக் கூட்டை நகர்த்தி வைத்தான். சிட்டு நறுக்கென்று அவன் கையைக் கடித்துவிட்டாள்.

சிட்டுவின் அம்மாவுடைய அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். "உங்களுக்கு அவசரம் ஜாஸ்தி தம்பி. அவ டிக்கெட் கொடுக்காம நீங்க வண்டியில ஏறிட்டீங்க."

"வலிக்குதா?" என்று பதறினாள் அவள்.

"வலிக்குது" என்றான் அசடு வழிய. "ஆனா அவ சொன்னது புரிஞ்சுது. நீலம் அங்க இல்லை, இங்க."

கூட்டை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தான். சிட்டு அதைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, அவனுக்கும் தரையில் கொஞ்சம் இடம் விட்டாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அம்மாவின் காது வாசலிலேயே இருந்தது. அலுவலகத்தில் வாங்கிய திட்டுகளை அவன் நடித்துக் காட்டுவான். அவள் கடைக்கு வருகிறவர்களைப் போல நடித்துக் காட்டுவாள். அப்பா ரெண்டு பேரையும் கிண்டல் பண்ணுவார். எப்போது கேமராவை எடுத்தான், எப்போது படம் பிடித்தான் என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசி நாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கினான்.

"வேலை முடிஞ்சிருச்சு. கேமரா இல்லாமலும் நான் வரலாமா?"

"எதுக்கு?"

"உங்களைப் பார்க்க. சிட்டுவைப் பார்க்க... இப்படியே, எப்பவும்."

ஒரு நொடி உள்ளே ஆயிரம் விளக்கு எரிந்தது அவளுக்கு. மறுநொடி எல்லாம் அணைந்தது. 'எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது' என்று டாக்டரின் அறைவாசலிலேயே சொல்லிவிட்டு நடந்த ஒருவனின் முதுகு நினைவுக்கு வந்தது. அவன்தான் சிட்டுவின் அப்பா. விவாகரத்துக் கோர்ட்டில்கூட அவன் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பரிதாபமா?" என்றாள். குரல் கத்தியாகிப் போனது. "தனியா கஷ்டப்படறாளேன்னு பாவம் பார்க்கறீங்களா? கொஞ்ச நாள் நல்லாத்தான் இருக்கும். அப்புறம் அலுத்துப் போகும். நான் தாங்கிக்குவேன். வந்தவங்க போறதை அவளால தாங்க முடியாது. அதைச் சொல்லவும் தெரியாது. வராதீங்க."

அவன் முகம் வெளுத்தது. தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

மறுநாள் மாலை, சிட்டு கூடுகளை அடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டே அடுக்கினாள்.

அப்பா அந்த இடத்தைப் பார்த்தார். மகளையும் பார்த்தார்.

*

அரசாங்கக் குழு கூடிய அறையில் நீளமான மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள், இந்தப் பக்கம் பிள்ளைகளோடு பெற்றோர்கள். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள்.

திரையில் சிட்டு அட்டைகளைத் துழாவுகிறாள். தப்பான அட்டையை எடுக்கிறாள், வைக்கிறாள், மறுபடி துழாவுகிறாள். எவ்வளவு நேரம்... யாரும் உதவவில்லை, யாரும் காட்சியை வெட்டவில்லை. கடைசியில் டம்ளர் படத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டுகிறாள். அறையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

சிட்டுவின் அம்மா பார்த்தது வேறொன்று. திரையில் ஒரு பெண் அந்த அட்டையை வாங்கிக்கொண்டு சிரித்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக்கூட மறந்த சிரிப்பு. நானா இது? நான் இப்படிச் சிரிக்கிறேனா? கண்ணாடியில் எத்தனை வருடமாகத் தன் களைப்பை மட்டுமே பார்த்திருக்கிறாள்! பரிதாபப்படுகிறவன் கண்ணுக்கு இந்தச் சிரிப்பு தெரியாது. ஆனால் கேமராக்காரன் பார்த்திருக்கிறான்... பொறுமையாக, ஆசையாக, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

விளக்கைப் போட்டபோது அவள் கன்னமெல்லாம் ஈரம்.

பெற்றோர்களை வெளியே உட்கார வைத்து, குழு நெடுநேரம் பேசியது. கடைசியில் முடிவைச் சொன்னார்கள். பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு, எல்லா அரசு மருத்துவமனையிலும் பயிற்சிகள் இலவசம்.

கட்டிப்பிடித்து அழுதார்கள், சிரித்தார்கள். டீச்சர் மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மகனுக்கு வயது இருபது. அவள் ஓடிப்போய் டீச்சர் கையைப் பிடித்தாள்.

"அழாதேம்மா" என்றார் டீச்சர், தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இவங்களை இவ்வளவு தூரம் இழுத்தாச்சு, மிச்சத் தூரமும் இழுப்போம். அடுத்த தடவை என் பையனுக்காக நீ வந்து கத்தணும். உன் குரல்தான் நமக்கு மைக்."

"கத்தறேன் டீச்சர். தொண்டை போற வரைக்கும் கத்தறேன்."

"அது அப்புறம். இப்ப வெளியே போ. அவரோட வேன் கிளம்பப் போகுது." டீச்சர் கண்ணில் நீரோடு ஒரு குறும்பும் சேர்ந்துகொண்டது.

சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இளவெயில். அவன் வேனுக்குள் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றான்.

"வாழ்த்துகள்" என்றான் மெதுவாக.

"உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். சிட்டுவைப் பார்த்தா உங்களுக்குப் பாவமா இருக்கா?"

"பயமா இருக்கு" என்றான் பட்டென்று. "மறுபடி கடிச்சிடுவாளோன்னு. உங்களைப் பார்த்தாலும் பயம்தான். தள்ளி விட்டுடுவீங்களோன்னு. அப்படியும் வரணும்னு தோணுது. அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியலை. பாவம் இல்லைன்னு மட்டும் தெரியும்."

"அலுத்துப் போகாதா?"

"தெரியாதுங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு அலுத்தா உங்ககிட்ட சண்டை போடுவேன். சொல்லாம எழுந்து போக மாட்டேன்."

கோர்வையாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்தது ஒன்றுகூட அவள் நினைவில் இல்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள். "ரொம்ப நாளா. அந்த அளவு தப்பின அன்னைக்கிலேருந்தே..." மூச்சு வாங்கியது. பிறகு தலையை நிமிர்த்தி, "பரிதாபப்பட்டுச் சொல்லலை, ஆமா!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்று, கண் கலங்கியது. கையை நீட்டப் போனவன் தயங்கி, முதலில் சிட்டுவைப் பார்த்தான்.

சிட்டு அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. வேனின் பக்கவாட்டில் மினுக்கிக்கொண்டிருந்த மஞ்சள் விளக்கையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே ஓரடி நகர்ந்தாள். அவன் காலில் தன் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வசதியாக நின்றாள்.

அவன் மூச்சுகூட விடவில்லை.

"இப்ப அசையலாமா?" என்று கிசுகிசுத்தான்.

"வேணாம்" என்றாள் அவள், அவன் விரல்களைப் பற்றிக்கொண்டு. "அப்படியே இருங்க..."