பள்ளி மாறும் பொன்மணி

பொன்மணி செத்துப் பதினோரு நாளும் ஆறு மணி நேரமும் ஆகியிருந்தபோது, அவள் பெயர் மறுபடியும் பள்ளி மாறியிருந்தது.

வேல்விழி கணினித் திரையை உற்றுப் பார்த்தாள். சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவரின் அறக்கட்டளைக்கு ஆறு பள்ளிகள். ஆறுக்கும் சேர்க்கைப் பதிவுகள் விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் இந்த ஒற்றை அறையில், அவள் கையில். பள்ளியை மாற்றக் கடவுச்சொல் வேண்டும். அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

முதலில் பொன்மணி, கம்பெனியில் அவள் உயிரைக் குடித்த வெடிவிபத்து நடந்த ஊரின் பள்ளியில் இருந்தாள். இரண்டு நாள் கழித்து அடுத்த ஊர். பிறகு அதற்கடுத்தது. கம்பெனி வேன் ஆள் ஏற்றும் நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக, விருதுநகரை நோக்கி. இன்று ஆறாவது பள்ளி. அதன் மணிச்சத்தம் இந்த அறைக்குக் கேட்கும்.

பழைய இடத்துக்கே மாற்றிச் சேமித்தாள். பிறந்த வருடம் 1989; இந்த 2007-இல் வயது பதினெட்டு. அந்தக் கட்டத்தின் பக்கம் அவள் கண் போகவில்லை.

மேலாளர் கனகசபாபதி போன் செய்தார்.

"நாளைக்கு விபத்து விசாரணைக்குப் பொன்மணியோட வயசுச் சான்று போகணும். பதினெட்டுன்னுதான இருக்கு?"

"இருக்கு சார்."

"பெறகு ஏன் பேயறைஞ்சாப்ல பேசுதீக? பிரிண்ட் எடுத்துட்டுப் போயிச் சாப்பிடுங்க."

போனை வைத்ததும் மின்சாரம் போனது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. ஆவணி வெயிலில் தகரக் கூரை முறுகும் சத்தமும், யு.பி.எஸ். விட்டு விட்டுக் கத்துவதும், அதற்கிடையே நடையில் எதையோ இழுத்து வைத்து இழுத்து வைத்து வருவது போன்ற ஓர் உரசலும் கேட்டன. காற்றே இல்லாத அறைக்குள் வெடிமருந்து வாடை வந்தது. கூடவே கருகிய முடியின் வாடை.

திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு குருவம்மாள் வந்தாள். பொன்மணியின் தாய். இந்த வாரத்தில் மூன்றாவது முறை.

வேல்விழிக்கு மூச்சு வந்தது.

"இன்னும் சான்று வரலம்மா."

"தாயி, எம் மகளுக்குப் பன்னெண்டு. பதினெட்டுன்னு எழுதுனா, கம்பெனிமேல குத்தமே இல்லன்னு ஆயிரும்ல. அம்புட்டும் எம்புள்ள தலைல விளும்ல."

"ஃபாரத்துல இருந்ததைத்தாம்மா போட்டேன்."

"அத அவகிட்டயே சொல்லுங்க. வெளிய நிக்கா."

"யாரு?"

"பொன்மணிதான். பதினோரு நாளா நடந்தே வந்திருக்கா."

அழுகை இல்லை. ரேசன் கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

வேல்விழி திரையைப் பார்த்தாள். அவள் எதையும் தொடவில்லை. பள்ளிக் கட்டம் தானாக மாறியிருந்தது. அறக்கட்டளையின் பட்டியலில் முதல் வரி. குழந்தைகள் யாரையும் சேர்க்காத வரி.

00. தலைமை அலுவலகம்.

உரசல் நின்றது. கதவுக்கு வெளியே.

வாடை கூடியது.

ஜன்னலில் கம்பி. வழி ஒன்றுதான்.

"போகச் சொல்லுங்கம்மா."

"நான் சொல்லிக் கேப்பாளா? உண்மை என்னன்னு நீங்க சொல்லுங்க, தாயி. அவ காதுபட."

யு.பி.எஸ். ஒரே கத்தாகக் கத்தி அடங்கியது. திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் அவள் முகம். முகத்துக்குப் பின்னால் கதவு. திரைச்சீலை அசைந்தது.

சொல்லிவிட்டால் போய்விடும். சொல்லிவிட்டால்.

"பள்ளிக்கூட ஃபாரத்துல பன்னெண்டுதான் இருந்துச்சு," என்றாள் வேல்விழி. "அவளே கொண்டுவந்து குடுத்தா. இந்த மேசை உயரம்கூட இல்ல. தீபாவளி சீசனுக்குக் கம்பெனிக்கு ஆள் வேணும்னு சொன்னாக. அவ முகத்தப் பாத்துக்கிட்டே நாந்தான் பதினெட்டுன்னு போட்டேன்."

குருவம்மாள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா புள்ள? உள்ள வா."

திரைச்சீலைக்கு அடியில், தோலுரிந்த இரண்டு சின்னப் பாதங்கள் நிலையைத் தாண்டி உள்ளே வந்தன.